அழித்தலின் வரலாறு: திண்மநிலை வட்டும் கட்டளையும்

எழுத்தைப் பேணும் கலைக்கு வரலாறு இருப்பது போலவே அதனை அழிக்கும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. கரும்பலகையைத் துடைப்பவன் எழுத்து அழிந்தமையைத் தன் கண்ணாற் காண்பான். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டிலுள்ள தரவை அழிக்குமாறு கணினிக்குக் கட்டளையிடுபவனோ, கட்டளை நிறைவேறியது என்னும் விடையை மட்டுமே பெறுகின்றான். அவ்விடை எத்துணை நம்பத்தக்கது என்னும் வினாவை விளங்கிக்கொள்வதற்கு இந்நினைவகத்தின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும்.

1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டாவோன் கான், சைமன் சே ஆகிய இருவரும் 'மிதக்கும் வாயில்' என்னும் அமைப்பை வெளியிட்டனர். காவலிப் படைகளால் சூழப்பட்ட ஒரு சிறு பகுதியினுள் இலத்திரன்களைச் சிறைப்படுத்தினால், மின்னோட்டம் நின்ற பின்னரும் அவை அங்கேயே தங்கும். தங்கிய இலத்திரன்களே தரவாகும். அவற்றை வெளியேற்றுதலே அழித்தலாகும். இதனை அடியொற்றி 1971 இல் இன்ரெல் நிறுவனத்தின் டோவ் புரோமன் உருவாக்கிய நினைவகச் சில்லின் மேற்புறத்தில் ஒரு படிகச் சாளரம் இருந்தது. அதனூடாக ஊதாக்கடந்த ஒளியைப் பல நிமிடங்கள் பாய்ச்சினால் சில்லு முழுவதும் அழியும். அக்காலத்தில் அழித்தல் என்பது மனிதன் தன் கையாற் செய்த செயலாகவே இருந்தது.

பின்னர் மின்சாரத்தாலேயே அழிக்கத்தக்க சில்லுகள் தோன்றின. அவை சிறுசிறு கூறுகளைத் தனித்தனியே அழிக்க வல்லனவாயினும், விலை மிகுந்தனவாகவும் கொள்ளளவு குறைந்தனவாகவும் இருந்தன. யப்பானின் தொஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோக்கா அவ்வாற்றலைத் துணிந்து கைவிட்டார். பல கலங்களை ஒருங்கே அழிக்கும் முறையை அவர் 1984 இல் அறிவித்தார். 1987 இல் 'நான்ட்' வகை அறிமுகமாயிற்று. ஒளிப்படக் கருவியின் மின்வெட்டொளி போல் நொடியில் அழிவதால் அது 'பிளாஷ்' எனப் பெயர் பெற்றது என்பர்.

இவ்விழப்பே மலிவான நினைவகத்தைத் தந்தது. பின்னைய சிக்கலுக்கும் இதுவே வித்தாயிற்று. நான்ட் சில்லில் எழுதுதல் பக்கம் பக்கமாக நிகழும். அழித்தலோ பல பக்கங்கள் கொண்ட தொகுதி தொகுதியாகவே நிகழும். ஒவ்வொரு தொகுதியும் குறித்த தடவைகளே அழித்தலைத் தாங்கும். ஆகவே வட்டினுள் அமைந்த கட்டுப்படுத்தி, புதிய தரவை வேறிடத்தில் எழுதிப் பழையதைப் பின்னர் அழிப்பதற்காக விட்டுவைக்கின்றது. பயனர் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியதாகக் கருதும் இரு தரவுகளும் உண்மையில் வெவ்வேறு இடங்களில் இருத்தல் கூடும்.

கோப்பொன்று நீக்கப்படும்போது இயங்குதளம் பொதுவாகத் தன் அட்டவணைப் பதிவையே நீக்கும். எத்தொகுதிகள் பயனற்றனவாயின என்பதை வட்டு அறியாது. இதனை அறிவிக்கப் பிறந்ததே 'ட்ரிம்' கட்டளை. 2009 இல் வெளியான விண்டோஸ் 7 அதனை ஏற்றது. 2010 இல் லினக்ஸ் கருவகத்திலும் அது இடம்பெற்றது. 2013 முதல், கட்டளை வரியில் 'பிளொக்டிஸ்கார்ட்' எனத் தட்டி வட்டின் பெயரைக் குறித்தால், அதன் தொகுதிகள் அனைத்தும் வேண்டப்படாதன என ஒரே வரியில் அறிவிக்க முடிந்தது. பெயரைத் தவறாகக் குறிப்பவனுக்கு மீட்சி அரிது. ஆயினும் இக்கட்டளை வட்டின் வேகத்தையும் ஆயுளையும் பேணப் பிறந்ததேயன்றி, இரகசியம் காக்கப் பிறந்ததன்று. இலத்திரன்கள் எப்போது வெளியேறும் என்பதைக் கட்டுப்படுத்தியே தீர்மானிக்கின்றது. பாதுகாப்பாக அழிக்குமாறு கோரும் தெரிவும் அதில் உண்டு. வட்டு அதற்கு இடமளித்தாலே அது பயன்படும்.

2011 இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இந்நம்பிக்கையைச் சோதித்தனர். அவர்கள் வட்டுகளில் அடையாளத் தரவுகளை எழுதி, அழித்தற் கட்டளைகளை இட்டபின், சில்லுகளை நேரடியாக வாசித்தனர். சில வட்டுகள் முறையாக அழித்திருந்தன. ஒரு வட்டோ அழித்துவிட்டதாக அறிவித்தும் தரவு முழுவதையும் அப்படியே வைத்திருந்தது. தனிக் கோப்பை மட்டும் அழிப்பதற்குக் காந்தவட்டில் வழங்கிய முறைகள் எவையும் இங்கு பயன்தரவில்லை.

இதனால் அழித்தல் பற்றிய கருத்தே மாறலாயிற்று. தரவைத் தொடக்கத்திலேயே மறைகுறியாக்கி எழுதி, இறுதியில் அதன் திறவுகோலை மட்டும் அழித்தல் ஒரு முறையாகும். அமெரிக்கத் தேசிய நியமங்கள் நிறுவகத்தின் 2014 ஆம் ஆண்டு வழிகாட்டியும் இதனை ஏற்றுக்கொண்டது. எனினும் திறவுகோலை வட்டே உருவாக்கி வட்டே அழிக்குமாயின், பழைய ஐயம் மீண்டும் தலைதூக்கும். நோயாளர் பதிவுகளையோ மாணவர் பெறுபேறுகளையோ தாங்கிய வட்டைக் கைமாற்றும் நிறுவனம், கைமாற்றும் நாளன்று இடும் கட்டளையை மட்டும் நம்பியிருத்தல் தகாது. அழித்தலுக்கான ஆயத்தம் முதல் எழுத்தை எழுதும் நாளிலேயே தொடங்க வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.