வைக்கோல் கட்டும் இயந்திரம்

வைக்கோல் கட்டும் இயந்திரம் என்பது, அறுவடைக்குப் பின் வயலில் பரந்து கிடக்கும் வைக்கோலையோ, வெட்டி உலர்த்திய புல்லையோ திரட்டி, இறுக்கி, கயிறு சுற்றிக் கட்டுகளாக வெளியிடும் வேளாண் கருவி ஆகும். இது டிராக்டரின் பின்னால் இணைத்து இயக்கப்படுகின்றது. பேச்சு வழக்கில் இது பேலர் எனவும், இதிலிருந்து கிடைக்கும் உருண்டைக் கட்டு உருளை அல்லது ரோல் எனவும் அழைக்கப்படுகின்றது. மேலைநாடுகளில் இக்கருவி உலர்புல் சேமிப்பிற்காக உருவானது. தமிழ்நாட்டில் இது பெரிதும் நெல் வைக்கோலுக்கே பயன்படுகின்றது.

பின்னணி

கையால் அறுவடை செய்த காலத்தில் நெற்பயிர் அரிவாளால் அறுக்கப்பட்டு, களத்தில் கதிரடிக்கப்பட்டது. வைக்கோல் நீளம் குறையாமல் கிடைத்தது. அதை வீட்டருகே போராக அடுக்கி ஆண்டு முழுவதும் மாடுகளுக்கு இட்டனர். அறுவடை இயந்திரம் பரவிய பின் இம்முறை மாறியது. இவ்வியந்திரம் நெல்லைப் பிரித்தெடுத்து, வைக்கோலை நசுங்கிய நிலையில் வயலிலேயே உதிர்த்துச் செல்கின்றது. அதனைக் கையால் வாரிக் கட்டக் கூலியாட்கள் மிகுதியாகத் தேவைப்படுவதால், பல இடங்களில் வைக்கோல் வயலிலேயே வீணாகியது. இந்த இடைவெளியை நிரப்பவே கட்டும் இயந்திரம் வந்தது.

வரலாறு

உருண்டைக் கட்டு இயந்திரத்திற்கு அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த உம்மோ லூபன் 1910இல் காப்புரிமை பெற்றார். அவருடைய வடிவமைப்பின் உரிமையைப் பெற்ற ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947இல் சிறிய உருண்டைக் கட்டு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல நூறு கிலோ எடையுள்ள பெரிய கட்டுகளை உருவாக்கும் இயந்திரத்தை ஐயோவா மாநிலத்தின் வெர்மீர் நிறுவனம் 1971இல் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் இக்கருவிக்கும் மானியம் வழங்கப்பட்டது.

வகைகள்

- சிறு உருண்டைக் கட்டு இயந்திரம்: தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படுவது. ஓர் ஆள் தூக்கக்கூடிய கட்டுகளைத் தரும். ஏறத்தாழ 35 குதிரைத்திறன் கொண்ட டிராக்டரே போதுமானது.
- செவ்வகக் கட்டு இயந்திரம்: முன்பின் அசையும் உந்துதட்டு வைக்கோலை அழுத்த, முடிச்சுக் கருவி கயிற்றைக் கட்டும். இதன் கட்டுகளை வண்டியில் இடைவெளியின்றி அடுக்கலாம்.
- பெரிய உருண்டைக் கட்டு இயந்திரம்: பரந்த நிலங்களுக்கு உரியது. கட்டுகளைத் தூக்கவும் இயந்திரம் வேண்டும்.

இயங்கும் முறை

டிராக்டரின் திறன் தண்டு நிமிடத்திற்கு 540 சுற்றுகள் சுழன்று கருவியை இயக்குகின்றது. முன்புறமுள்ள கம்பிப் பற்கள் வைக்கோலை வாரி அறைக்குள் தள்ளுகின்றன. அங்குள்ள உருளைகள் அதனைச் சுருட்டுகின்றன. அறை நிறைந்தவுடன் ஓட்டுநர் வண்டியை நிறுத்துகின்றார், கயிறு சுற்றப்படுகின்றது. பின்கதவு திறந்ததும் கட்டு வெளியே உருண்டு விழுகின்றது.

சிறு நிலங்களில் பயன்பாடு

ஓரிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் இக்கருவியைச் சொந்தமாக வாங்குவது இலாபகரமானதன்று. ஆண்டில் சில நாட்களே வேலை இருக்கும். எனவே இது பெரும்பாலும் வாடகைக்கே எடுக்கப்படுகின்றது. கட்டு ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிடுவதுண்டு. வைக்கோலைக் கருவி உரிமையாளருக்கே விற்றுவிடுவதும் உண்டு.

அருகருகே உள்ள வயல்கள் ஒரே வாரத்தில் அறுவடையானால் கருவியை வரவழைப்பது எளிது. வயலுக்கு வண்டிப் பாதை இல்லாவிட்டாலும், சேறு காயாவிட்டாலும் கருவி இறங்க இயலாது. வரப்புகள் நெருங்கிய சிறு வயல்களில் திரும்புவதற்கே நேரம் செலவாகும்.

ஈரப்பதமும் சேமிப்பும்

வைக்கோலின் ஈரப்பதம் சுமார் 15 விழுக்காட்டிற்குக் குறைந்த பின்னரே கட்டுதல் நல்லது. ஈரமாகக் கட்டினால் உட்பகுதி சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அதனைத் தின்னும் கால்நடைகள் நோயுறலாம். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதால் அப்போது உலர்த்துவது கடினம். சம்பா, நவரைப் பருவங்களின் அறுவடைக்குப் பின் வெயில் துணைபுரிகின்றது.

மரபுவழிப் போரின் சரிவான மேற்பரப்பு மழைநீரை வழியச் செய்யும். கட்டுகளின் குவியலில் நீர் இடைவெளிகளின் வழியே இறங்கிவிடும். ஆதலால் கட்டுகளை மேடான இடத்தில் அடுக்கித் தார்ப்பாயால் மூட வேண்டும். செயற்கை இழைக் கயிற்றை மாடு விழுங்கினால் ஆபத்து. தீவனமிடும் முன் அதனை அகற்ற வேண்டும்.

தீவன மதிப்பு

நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே உள்ளது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் அதன் சத்தும் செரிமானத் தன்மையும் உயரும். சோளத்தட்டை, கடலைக்கொடி, வேலிமசால் முதலியனவும் உலர்தீவனமாகச் சேமிக்கப்படுகின்றன. பயறுவகைத் தீவனங்களை மிகையாகக் காயவிட்டால் சத்துள்ள இலைகள் உதிர்ந்துவிடும்.

சென்னையின் தென்புறநகரில்

சிட்லபாக்கம், செம்பாக்கம் போன்ற ஊர்கள் முன்னர் ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த கிராமங்களாகும். நகர விரிவாக்கத்தால் வயல்கள் குடியிருப்புகளாயின. சிட்லபாக்கம் பேரூராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. வயல் மறைந்த ஊரில் மாடு வளர்ப்போர் வைக்கோலை விலைக்கே வாங்க வேண்டும். மதுராந்தகம், உத்திரமேரூர் முதலிய பகுதிகளில் இன்றும் ஏரிப்பாசன நெற்சாகுபடி நடைபெறுகின்றது. உதிரி வைக்கோலை விடக் கட்டுகள் குறைந்த இடத்தை அடைப்பதால், ஒரே வண்டியில் மிகுதியாக ஏற்றி வர முடிகின்றது. காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை உணவியல் நிலையம் அமைந்துள்ளது.

வரம்புகள்

பயிர் உறிஞ்சும் சாம்பல் சத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகின்றது. வைக்கோல் முழுவதையும் தொடர்ந்து அகற்றினால் மண்ணில் அச்சத்துக் குறையும். தொழுவுரத்தை வயலுக்குத் திருப்புவது இதனை ஓரளவு ஈடுசெய்யும். ஊரில் மாடு இருந்தபோது இது இயல்பாக நிகழ்ந்தது. வைக்கோல் தொலைவிலுள்ள நகருக்குச் செல்லும்போது எரு திரும்பி வருவதில்லை. எனினும் வயலில் எரிப்பதை விடக் கட்டித் தீவனமாக்குவது மேலானது. எரிப்பதால் புகை மாசு ஏற்படுவதோடு, கரிமப் பொருளும் தழைச்சத்தும் அழிகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- வைக்கோற்போர்
- அறுவடை இயந்திரம்
- ஊறுகாய்ப்புல்
- நவரை