கந்தோரும் கதிரையும்: கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையில் தமிழ் பேசும் மக்களிடையே, சிறப்பாக முந்திய தலைமுறையினரிடையே, 'கந்தோர்க் கதிரை' என்னும் தொடர் இயல்பாக வழங்கிவந்துள்ளது. இத்தொடரிலுள்ள இரு சொற்களுள் ஒன்றேனும் தமிழ்ச் சொல்லன்று. கதிரை என்பது போர்த்துக்கேய மொழியின் 'கதெய்ரா' என்பதன் திரிபு. கந்தோர் என்பது அலுவலகத்தைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல். 1505 தொடக்கம் 1796 வரை இத்தீவின் கரையோரங்களில் அடுத்தடுத்து நிலைகொண்ட இரு அந்நிய ஆட்சிகளும் இவ்விரு சொற்களில் இன்றும் அருகருகே இருக்கின்றன. அமர்வதற்குரிய பொருளை ஒருவரும், அதனை வைப்பதற்குரிய இடத்தை மற்றொருவரும் நமக்குத் தந்து சென்றனர் எனலாம்.

இன்று கல்முனைக் கரையோரத்து இளைஞர் பலர் வங்கியிலும், பிரதேச செயலகத்திலும், கணினியின் முன்னும் நாளின் பெரும்பகுதியை அமர்ந்தே கழிக்கின்றனர். உடலுக்கு இசைந்தது என்ற பெயரில் விற்பனைக்கு வரும் விலையுயர்ந்த கந்தோர்க் கதிரைகளுள் எதனைத் தெரிவது என்னும் வினா அவர்களிடையே எழுந்துள்ளது. மேலோட்டமாக நோக்குமிடத்து இது சந்தை பற்றிய வினாவாகவே தோன்றும். ஆயின் எவர் எதில் அமரலாம் என்பது நமது சமூகத்தில் ஒருபோதும் வெறும் வசதி பற்றிய வினாவாக இருந்ததில்லை. அது தகுதி பற்றிய வினாவாகவே இருந்துவந்துள்ளது. இதனை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயும் ஆசனமும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என வங்கக் கடலோரமாக நீளும் ஊர்கள் 1961இல் அம்பாறை மாவட்டம் உருவாகும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினரைக் கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பர். வயலும் கடலும் நெசவும் வாழ்வாதாரமாயிருந்த இம்மக்களின் வீடுகளில் அமரும் இடமாகவும் உறங்கும் இடமாகவும் பாயே விளங்கிற்று. பன்புல்லை உலர்த்திச் சாயமிட்டுப் பெண்கள் இழைத்த பாய்கள் இப்பிரதேசத்தின் கைவண்ணத்திற்குச் சான்றாயின. 'மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள்' என்ற பேச்சு நாடறிந்தது. மந்திரத்தின் பெயரால் வழங்கிய இக்கூற்று, வந்தவரை எழுந்து செல்லவிடாத விருந்தோம்பலையே உண்மையிற் குறித்தது என்று விளக்குவாருமுளர்.

இப்பாயில் அமர்ந்தே சிறுவர் ஓதக் கற்றனர். அவர்கள் மனனஞ் செய்தவற்றுள் 'ஆயத்துல் குர்ஸி' எனப்படும் திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயத்து 255ஆம் வசனமும் ஒன்று. குர்ஸி என்னும் அரபுச் சொல் ஆசனம் எனப் பொருள்படுவது. அங்கு அது இறைவனின் ஆட்சியை உணர்த்தி நிற்கின்றது. கதிரையில்லாத வீட்டுச் சிறுவனுங்கூட ஆசனம் என்பது அதிகாரத்தைக் குறிப்பது என்பதை அறிந்தே வளர்ந்தான்.

தமிழ் மரபும் இதற்கு வேறானதன்று. மன்னனின் இருக்கை அரசுகட்டில் எனப்பட்டது. முரசுக்கும் தனிக்கட்டில் இருந்தது. அறியாது முரசுகட்டிலில் ஏறித் துயின்ற மோசிகீரனாரை வாளால் வெட்டாது, கவரி கொண்டு வீசிய சேரனின் செய்தி புறநானூற்றின் 50ஆம் பாடலால் அறியப்படுவது. சேரனின் பெருந்தன்மையை வியக்கும் நாம், தகாத இருக்கையில் ஏறியவனுக்குத் தண்டனை உயிரிழப்பாக இருந்திருக்கலாம் என்பதையும் அப்பாடலிலிருந்தே உணர்கின்றோம். கண்டி இராச்சியத்தில் நீண்டகாலம் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலும், உடை முதலியவற்றோடு ஒருவர் அமரும் இருக்கையும் அவரது தரத்தைக் காட்டும் அடையாளங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டுள்ளது.

எனினும் பாயைச் சமத்துவத்தின் சின்னமெனக் கொள்வதும் பொருந்தாது. பாய் எவருக்கு விரிக்கப்பட்டது, வெறுந்தரையில் அமர்ந்தவர் யார், நின்றபடியே பேசவேண்டியிருந்தவர் யார் என்ற வேறுபாடுகள் அங்கும் இருந்தன. பள்ளிவாசலின் தொழுகை வரிசையிலேயே செல்வரும் வறியவரும் ஒரே தரையில் ஒரே வகையில் அமர்ந்தனர். அவ்வரிசை கலைந்து வெளியே வந்ததும் பழைய வேறுபாடுகள் மீண்டன.

கதிரையின் வருகை

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். கோட்டையை அவர்கள் பத்தாண்டுகளே வைத்திருந்தனராயினும் அவர்களது சொற்கள் நிலைத்துவிட்டன. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, விறாந்தை என நமது வீட்டுத் தளபாடங்களின் பெயர்ப்பட்டியலைப் பார்க்கும் ஒருவர் போர்த்துக்கேய அகராதி ஒன்றைப் புரட்டுவது போன்ற உணர்வைப் பெறுவர். மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் தச்சுத் தொழிலிலும் கொல்லத் தொழிலிலும் பெயர்பெற்றிருந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஐரோப்பியரின் இருக்கை இந்நாட்டின் வெப்பத்துக்கேற்ப மாற்றமடைந்தது. மெத்தைக்குப் பதிலாகப் பிரம்பு பின்னப்பட்டது. பின்னலின் கண்கள் வழியே காற்று உட்புகுந்தது. அமர்ந்தவரின் எடைக்கேற்ப அது சற்றுத் தாழ்ந்தும் கொடுத்தது. விறாந்தையிற் போடப்பட்ட சாய்மனைக் கதிரை இம்மாற்றத்தின் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆயின் அதிற் சாய்ந்தவர் நிலவுடைமையாளரும் அதிகாரியுமே. குத்தகைக்கு வயல் செய்தவர் விறாந்தைக்குக் கீழே நின்றார்.

கதிரை பரவியதும் அதன்மீதான உரிமை போராட்டத்துக்குரிய ஒன்றாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1920களின் இறுதியிலும் 1930ஐ அடுத்தும் பாடசாலைகளிற் சமாசனம் வழங்குவது தொடர்பாக எழுந்த கொந்தளிப்பை வரலாற்று மாணவர் அறிவர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் ஏனையோருடன் ஒரே வாங்கில் அமர்வதைச் சகியாதோர் பாடசாலைக் கட்டடங்களுக்கே தீயிட்டனர். ஒரு மரப்பலகைக்காக ஒரு பள்ளிக்கூடத்தை எரிக்கத் துணிந்த சமூகத்தில் இருக்கை வெறும் பலகையன்று.

கந்தோரும் உத்தியோகமும்

1796இல் ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய பிரித்தானியர் கச்சேரி முறையை நிலைநாட்டினர். நிருவாகம் கடதாசிமயமாயிற்று, கடதாசியை எழுதுவதற்கு இலிகிதர் தேவைப்பட்டனர். 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்ற பழமொழி இக்காலச் சூழலிற் பிறந்ததே. வயலில் முழங்காலளவு சேற்றில் நின்ற தந்தை, தன் மகன் ஒரு கதிரையில் அமரவேண்டும் என விரும்பினான். கல்வி அக்கதிரைக்குச் செல்லும் வழியாயிற்று.

கந்தோரின் உள்ளேயும் இருக்கையின் படிநிலை தொடர்ந்தது. சிற்றூழியருக்குச் சுவரோரத்து வாங்கு. இலிகிதருக்குக் கைபிடியற்ற கதிரை. அவருக்கு மேலுள்ளவருக்குக் கைபிடியுள்ள கதிரை. தலைமை அதிகாரிக்கு உயர்ந்த முதுகுடைய சுழல்கதிரை. இவ்வொழுங்கு நமது கந்தோர்கள் பலவற்றில் இன்றும் காணக்கூடியது. பதவி உயர உயரக் கதிரையின் முதுகும் உயர்கின்றது. இதிலுள்ள முரண்பாடு கவனத்துக்குரியது. அதிகாரி கூட்டங்களுக்கும் களப்பார்வைக்கும் எழுந்து செல்கின்றார். காலை தொடக்கம் மாலை வரை ஒரே இடத்தில் அமர்ந்து எழுதுபவரும் தட்டெழுதுபவரும் கீழ்நிலை ஊழியரே. நீண்டநேரம் அமர்பவருக்கு மோசமான கதிரையும், குறைந்தநேரம் அமர்பவருக்குச் சிறந்த கதிரையும் வழங்கப்படுகின்றன. உடலின் தேவை அங்கு அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை.

கந்தோருக்கு வெளியே நிலைமை இன்னும் கடினமானது. மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். குழித்தறியில் நெய்பவர் நிலமட்டத்தில் ஒரு பலகையில் அமர்ந்து, கால்களைக் குழியில் இறக்கி மிதிபலகைகளை மாறிமாறி மிதிப்பார். கைகள் ஓடத்தை இயக்க, கண்கள் இழையைத் தொடர, முதுகு முன்வளைந்தே இருக்கும். சாய்வதற்கு எதுவுமில்லை. தையல் இயந்திரத்தின் முன் முக்காலியில் அமரும் பெண்ணின் நிலையும் இத்தகையதே. இவர்களும் அமர்ந்து தொழில் செய்பவர்களே. ஆயினும் 'அமர்ந்து செய்யும் உத்தியோகம்' என்று நாம் கூறும்போது இவர்களை நினைப்பதில்லை.

பிற்காலத்தில் வந்த பிளாஸ்ரிக் கதிரை ஒருவகைச் சமத்துவத்தை ஏற்படுத்தியது. ஒரே அச்சில் வார்க்கப்படும் இவ்வகைக் கதிரையின் வளர்ச்சியில் 1972இல் பிரான்சின் ஹென்றி மசோனே அமைத்த கதிரை முக்கிய கட்டமாகக் கொள்ளப்படுகின்றது. இன்று நமது திருமண வீட்டிலும் மரண வீட்டிலும் எல்லோருக்கும் ஒரே கதிரைதான். ஆயின் எல்லோருக்கும் ஒரே கதிரை என்பது எல்லா உடலுக்கும் ஒரே அளவு என்பதுமாகும். தகுதி பற்றிய வினா ஓரளவு தணிந்தது; உடல் பற்றிய வினா எஞ்சி நின்றது.

உடலை அளந்த அறிவியல்

அவ்வினாவை ஐரோப்பாவும் அமெரிக்காவும் 19ஆம் நூற்றாண்டு தொடக்கம் எழுப்பின. அமெரிக்கரான தோமஸ் வொறன் 1849இல் அமைத்த வில்பொருத்திய சுழல்கதிரை 1851இன் லண்டன் மாபெருங் கண்காட்சியில் வைக்கப்பட்டது. உழைப்பின் விதிகளை ஆராயும் துறைக்குக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'எர்கொனொமிக்ஸ்' என்ற பெயரைப் போலந்து அறிஞர் யஸ்த்ஷெம்பொவ்ஸ்கி 1857இல் வழங்கினார். இரண்டாம் உலகப்போரின் அனுபவங்களின் பின்னர், 1949இல் பிரித்தானியாவில் அத்துறைக்கென ஆய்வுக் கழகம் தோன்றியது. 1948இல் சுவீடன் மருத்துவர் பெங்ற் ஒக்கர்ப்ளொம் நிற்றலையும் அமர்தலையும் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். அதே நாட்டவரான அல்வ் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் முள்ளந்தண்டுத் தட்டுகளில் ஏற்படும் அழுத்தத்தை நேரடியாக அளந்தார். அமர்தல் என்பது ஓய்வன்று, அதுவும் உடலுக்கு ஒரு சுமையே என்பதும், முதுகைச் சாய்த்துத் தாங்கும்போது அச்சுமை குறைகின்றது என்பதும் இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயின.

அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக பில் ஸ்ரம்ப் 1976இல் 'எர்கொன்' கதிரையையும், டொன் சாட்விக்குடன் இணைந்து 1994இல் 'ஏரொன்' கதிரையையும் வடிவமைத்தார். இன்று உயர்விலைக் கந்தோர்க் கதிரை என்றதும் நினைவுக்கு வருவது இந்த ஏரொனே. முதியோருக்கான இருக்கை பற்றிய முன்னைய ஆய்வு இதற்கு அடிப்படையாயிற்று. மெத்தைக்குப் பதிலாக வலைப்பின்னல் இழுத்துக் கட்டப்பட்டது. உடற்சூடு வெளியேறவும் எடை பரவவும் அது உதவிற்று. அத்துடன் மூன்று அளவுகளில் அது செய்யப்பட்டது. பிரம்புப் பின்னலில் அமர்ந்து பழகிய நமக்கு வலைப்பின்னலின் தத்துவம் புதியதன்று. ஒரே பதவியில் இருப்போரும் வெவ்வேறு உடலினர் என ஏற்றுக்கொண்ட அளவு வேறுபாடே நமக்குப் புதியது.

ஆயினும் இக்கதிரையும் விரைவிலேயே பழைய பாதையில் வீழ்ந்தது. அமெரிக்க இணைய நிறுவனங்கள் அதனைச் செல்வாக்கின் அடையாளமாக வாங்கிக் குவித்தன. 2000ஐ அடுத்து அந்நிறுவனங்கள் பல சரிந்தபோது வெறுமையாகக் கிடந்த ஏரொன் கதிரைகளே அச்சரிவின் சின்னமாயின. உடலுக்காக உருவான கதிரை மீண்டும் ஓர் அரசுகட்டிலாயிற்று.

தெரிவின் அளவுகோல்

இவ்வரலாற்றை நோக்கிய பின்னர், எதனைத் தெரிவது என்ற வினாவுக்கு ஓரளவு விடை கூறலாம். பெயரும் விலையும் முதுகின் உயரமும் தகுதியின் மொழியைச் சேர்ந்தவை. அவற்றை ஒதுக்கி வைக்கலாம். பாதங்கள் இரண்டும் நிலத்திற் படிகின்றனவா என்பதே முதலிற் காணவேண்டியது. பெரும்பாலான கந்தோர்க் கதிரைகளின் இருக்கை நிலத்திலிருந்து ஏறக்குறைய 40 முதல் 50 சென்ரிமீற்றர் வரை உயர்த்தித் தாழ்த்தக்கூடியது. உயரங் குறைந்தோருக்கு, சிறப்பாக நமது பெண்கள் பலருக்கு, அதன் மிகத் தாழ்ந்த நிலையும் உயரமாகவே இருக்கும். எத்துணை விலைகொடுத்து வாங்கினும் கால்கள் தொங்குமாயின் அக்கதிரை அவருக்குரியதன்று. கால்வைக்க ஒரு பலகையேனும் வேண்டும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்குமிடையே இரண்டு மூன்று விரலிடை இருத்தல் வேண்டும். இடுப்பின் உள்வளைவை முதுகுத்தாங்கி நிரப்புதல் வேண்டும். கைபிடி முழங்கையின் உயரத்துக்கு வருதல் வேண்டும். வெப்பமும் உவர்க்காற்றும் மிகுந்த நமது கரையோரத்தில் காற்றோட்டமுள்ள பின்னல், தோலுறையினும் ஏற்றது. இவையனைத்தையும் அமர்ந்து பார்த்தே அறியலாம். விளம்பரத்தைப் படித்து அறியவியலாது.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. எந்தக் கதிரையும் ஒருவரை நாள் முழுதும் அசையாது வைத்திருக்க உரியதன்று. பாயிலமர்ந்த நமது முன்னோர் காலை மடித்தும் நீட்டியும், எழுந்தும் மீண்டும் அமர்ந்தும் இருந்தனர். ஐவேளைத் தொழுகையும் நிற்றல், குனிதல், சிரம்பணிதல், இருத்தல் என உடலை இயங்கச் செய்வது. பாயோடு ஒட்டவைத்தல் விருந்தோம்பலாக இருந்தது. கதிரையோடு ஒட்டவைத்தல் நோயாகவே முடியும்.

முடிவுரை

பாயிலிருந்து வாங்குக்கும், வாங்கிலிருந்து கதிரைக்கும் ஏறிய நமது சமூகம் அமரும் உரிமையைப் பெருமளவு வென்றுள்ளது. அடுத்த உரிமை, தான் செய்யும் தொழிலுக்கும் தன் உடலுக்கும் ஏற்ற இருக்கையைப் பெறும் உரிமையாகும். தனியொருவர் தமக்கென விலையுயர்ந்த கதிரை ஒன்றைத் தெரிந்து வாங்குவதுடன் இது நிறைவு பெறுவதன்று. ஒரு நிறுவனம் கதிரை வாங்க முற்படும்போது, எவர் உயர்ந்தவர் என்று கேளாது எவர் நீண்டநேரம் அமர்பவர் என்று கேட்குமாயின், கந்தோர்க் கதிரையின் வரலாற்றில் அதுவே புதிய கட்டமாக அமையும். அவ்வினா தறியின் முன்னும் தையல் இயந்திரத்தின் முன்னும் அமர்ந்திருப்போரையும் சென்றடைதல் வேண்டும். அவர்களின் முதுகும் முதுகே என்பதை ஏற்காத எந்த அறிவியலும் முழுமையானதன்று என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.