தாய்க்கிராமமும் குடியேற்றமும்: நெல்லைச் சபைக் குடும்பங்களின் வேர்கள்

சபை நூற்றாண்டு விழாக்களையொட்டி நெல்லைப் பகுதிக் குடும்பங்கள் பல தம் முன்னோர் வரலாற்றைச் சிறு நூல்களாக அச்சிட்டு வழங்குகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு முன்னுரை எழுதும் பொறுப்பு என்னிடமும் வந்ததுண்டு. பெரும்பாலான நூல்களில் முதற்பக்கம் ஒன்று போலவே இருக்கும். மூதாதை ஒருவர் சத்தியத்தை ஏற்றார், குடியேற்ற ஊரில் வந்து தங்கினார், குடும்பம் தழைத்தது. அவர் எங்கிருந்து வந்தார், யாரை விட்டு வந்தார் என்பதற்கு அங்கே ஒரு வரியும் இராது. வானத்திலிருந்து இறங்கி வந்தவர்போல அவர் வரலாற்றில் தோன்றுகிறார்.

முதலூரின் கதையை எடுத்துக்கொள்வோம். சாத்தான்குளம் பக்கத்தைச் சேர்ந்த சின்னமுத்து என்பவர் தஞ்சையில் திருமுழுக்குப் பெற்று, தாவீது சுந்தரானந்தம் என்னும் பெயருடன் 1790களில் உபதேசியாராகச் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். அவர் முதலில் பேசியது தம் உறவினரிடமே. நம்பியவர்களுக்கு ஊரில் எதிர்ப்பு மூண்டது, செபக்கூடம் இடிக்கப்பட்டது. இருக்க இடமின்றித் தவித்தவர்களுக்காக நிலம் வாங்கப்பட்டு 1799இல் முதலூர் உருவாயிற்று. தொடக்கத்தில் அங்குக் குடியேறியவர் 28 பேர். இவர்களை முன்னோடிகள் என்று நாம் இன்று பெருமையுடன் அழைக்கிறோம். அவர்களோ தங்களை அகதிகள் என்றே உணர்ந்திருப்பார்கள். வளமான நிலத்தைத் தேடி வந்தவர்கள் அல்லர். தேரி மணலிலும் பனங்காட்டிலும் உயிருக்கும் விசுவாசத்துக்கும் ஒதுங்கிடம் தேடியவர்கள்.

அதன்பின் வந்த ஆண்டுகளைக் குடும்ப நூல்கள் விரைந்து தாண்டிவிடுகின்றன. 1802, 1803 ஆண்டுகளில் கெரிக்கே ஐயரும் சத்தியநாதன் ஐயரும் 5,000க்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்தனர். 1816இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஹஃப் ஐயர் கண்டதோ ஏறத்தாழ 3,000 கிறிஸ்தவரையே. இடையில் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தன. மேய்ப்பரில்லாத ஆண்டுகளும் வந்தன. மாண்டவர் போக, பழைய வழிபாட்டுக்குத் திரும்பியவரும் பலர். அவர்களுள் ஒரு சாரார் 1820இல் ரேனியஸ் ஐயர் வந்தபின் மீண்டும் சபையில் சேர்ந்தனர். ஆகவே 1803இல் தொடங்கி இடையறாத விசுவாசம் என்று உரிமை பாராட்டும் குடும்பம், ஒரு தலைமுறையின் பின்வாங்குதலைத் தன்னையறியாமல் மறைத்திருக்கக்கூடும். மறைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? போனவர் திரும்பி வந்ததும் திருச்சபையின் வரலாறுதானே.

தேடுவோர்க்கு நேரும் இடர்களையும் மாணவர் அறிந்திருத்தல் நலம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாகிறது. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஞானமுத்து ஒருவரா இருவரா என்பது பதிவேட்டில் எளிதில் விளங்காது. திருமுழுக்கின்போது பெயர் மாறியவருக்குப் பழைய பெயர் குறிக்கப்படாவிட்டால் நூல் அங்கேயே அறுந்துபோகும். பதநீர்க் காலத்தில் குடும்பங்கள் பனங்காட்டில் விடிலியமைத்துத் தங்கியதால், பிள்ளையின் திருமுழுக்கு வேறொரு ஊர்ப் பதிவேட்டில் கிடப்பதுமுண்டு. நிலப்பத்திரங்களும் எப்போதும் கைகொடுக்கமாட்டா. துன்புற்ற கிறிஸ்தவரைக் குடியமர்த்த நிலம் வாங்குவதற்கென்றே 1830இல் ரேனியஸ் ஐயர் தர்ம சங்கத்தைத் தோற்றுவித்தார். அவ்வாறு எழுந்த ஊர்களில் மண் சங்கத்தினுடையது. குடியிருந்தவர் பெயர் பத்திரத்தில் ஏன் இருக்கப்போகிறது?

இவ்விடத்தில் பெண்களின் வழி பெரிதும் உதவுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்குப் பின் எழுதப்பட்ட திருமணப் பதிவேடுகளில் மணமகளின் தந்தை பெயரும் அவள் வாழ்ந்த ஊரும் உண்டு. குடும்ப நூல்களோ ஆண்வழியை மட்டும் வரைந்து, மனைவியரைப் பெயரின்றி விட்டுவிடுகின்றன. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ள 40 பேருள் முதற்பெயர் குளோரிந்தா என்னும் விதவையின் பெயர் என்பதை நாம் மறந்துவிட்டோம் போலும்.

ஆயினும் மிகப் பெரிய ஆதாரம் நம் பேழைகளில் இல்லை, தாய்க்கிராமத்தில் இருக்கிறது. அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் குடியேறினார். மற்றவர் ஊரிலேயே தங்கினார். தங்கியவரின் வழியினர் பங்குனி உத்திரத்தன்று தங்கள் குலசாஸ்தா கோயிலில் ஒன்றுகூடுகின்றனர். யார் எந்தக் கிளை, யாருக்கு யார் பங்காளி என்பது அங்கே ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. நம் நூல்களில் உபத்திரவம் செய்தோர் என ஒரே சொல்லில் அடக்கப்பட்டவர்களுள் நம் பாட்டனின் உடன்பிறந்தவரும் இருந்திருக்கலாம்.

நான் பணியாற்றிய சேகரம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகள் பதிவேடுகளைப் புரட்டியும் தம் முப்பாட்டனுக்கு அப்பால் செல்ல இயலவில்லை. தாய்க்கிராமத்துக்குப் போகலாமே என்றேன். "ஐயரே, சாஸ்தா கோயில் வாசலில் போய் நிற்கச் சொல்லுகிறீர்களா?" என்று கேட்டார். அவர் தயக்கத்தை நான் குறைகூறவில்லை. எனக்கே சற்று உறுத்தலாகத்தான் இருந்தது. இறுதியில் ஒரு சாதாரண நாளில், ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணைக்கு இருவரும் சென்றோம். அப்பெரியவர் ஏழு தலைமுறையை நிறுத்தாமல் சொன்னார். நான்காம் பெயரில் சற்று நின்று, "இவருக்கு ஒரு தம்பி இருந்தார், வேதத்தில் சேர்ந்து போய்விட்டார், அந்தக் கிளை என்ன ஆயிற்றென்று எங்களுக்குத் தெரியாது" என்றார்.

எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பியோருள் தம் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாத ஆசாரியர் சிலர் ஊழியத்துக்கு விலக்கப்பட்டதாக வாசிக்கிறோம். அங்கே அட்டவணை வாயிலை அடைக்கப் பயன்பட்டது. மத்தேயுவின் முதல் அதிகாரத்திலோ தாமாரும் ராகாபும் ரூத்தும் வருகின்றனர். நம் ஊர்களில் வம்சவரலாறு சில வேளை முதல் வகையாகிவிடுகிறது: யார் முதலில் வந்தவர், யார் பின்னால் வந்தவர், யாருக்குச் சபையில் முன்னிடம், எந்தச் சாதி என்னும் வழக்குகளுக்கு அது சான்றாக இழுக்கப்படுகிறது. இதை அறிந்தே பதிவேட்டைத் திறந்து கொடுக்கவேண்டியவர் குருவானவர்.

அந்த ஆசிரியர் தம் நூலை அச்சுக்குக் கொடுக்குமுன் முதற்பக்கத்தை மாற்றினார். முன்பு ஒரே பெயர் இருந்த இடத்தில் அண்ணன், தம்பி இருவர் பெயரும் அருகருகே நின்றன. முதற்பிரதியைத் திண்ணையிலிருந்த பெரியவரிடம் அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.