யவனர் வரலாறு: நூலகத்தில் பாதி, மத்ரஸாவில் பாதி

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பென்னிங்டன் பொது நூலகம் அன்றைய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியரின் பெயரைத் தாங்கி இன்றும் நிற்கிறது. நாம் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், விடுமுறைக்கு இராஜபாளையத்து உறவினர் இல்லம் வரும்போதெல்லாம் பேருந்தேறி அங்கே சென்றுவிடுவது வழக்கம். வெ. சாமிநாத சர்மாவின் 'கிரீஸ் வாழ்ந்த வரலாறு' அவ்வாறுதான் நமது கைக்கு வந்தது.

சர்மா (1895–1978) பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், பத்திரிகையாளர். இரங்கூனிலிருந்து 'ஜோதி' இதழை நடத்தியவர். 1942இல் போர் மூண்டபோது பர்மாவிலிருந்து கால்நடையாக இந்தியா திரும்பியவர். பிளேட்டோவின் 'அரசியல்' நூலைத் தமிழாக்கியவரும் அவரே. ஆங்கிலம் அறியாத தமிழ் வாசகனுக்கு ஏதென்ஸ் நகரத்தின் சந்தையையும் சபையையும் தெளிந்த நடையில் காட்டியதில் அவருக்கு இணை சொல்லத் தமிழில் ஆள் குறைவு.

அந்நூலைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட வியப்பு வேறொன்று. அவ்வாண்டு மத்ரஸாவில் மன்திக் எனும் தர்க்கக் கலைக்கு நாம் ஓதிய பாடநூல் 'ஈஸாகூஜி'. 13ஆம் நூற்றாண்டு அறிஞர் அஸீருத்தீன் அல்அப்ஹரீ இயற்றிய சிறுநூல் அது. ஜின்ஸ், நவ்உ, ஃபஸ்ல் என்று வரையறைகளை மனனம் செய்தோம். அந்தத் தலைப்பு அரபுச் சொல்லே அன்று என்பதும், 3ஆம் நூற்றாண்டில் தீர் நகரத்துப் பார்ஃபிரி அரிஸ்டாட்டிலின் தர்க்கத்திற்கு எழுதிய 'ஐஸாகோகே' எனும் கிரேக்க முன்னுரையின் பெயரே அது என்பதும் பின்னாளில்தான் விளங்கின. ஒரே கிரேக்கத்தின் இரு துண்டுகளை இரு இடங்களில் படித்துக்கொண்டிருந்திருக்கிறோம். மத்ரஸாவில் ஏதென்ஸ் இல்லாத அரிஸ்டாட்டில். நூலகத்தில் பக்தாத் இல்லாத ஏதென்ஸ்.

பின்னதைப் பற்றி நமது இதழ்களில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. கிரேக்கம், உரோமம், பிறகு நெடிய இருள், பிறகு ஐரோப்பிய மறுமலர்ச்சி என்று வெகுஜன வரலாற்று நூல்கள் தாவிச் செல்வது உண்மையே. எனினும் எல்லா நூல்களும் அப்படியல்ல. நேரு சிறையிலிருந்து தம் மகளுக்கு எழுதிய கடிதங்களை ஓ. வி. அளகேசன் 'உலக சரித்திரம்' என்று தமிழில் தந்தார். அதில் பக்தாதும் குர்துபாவும் மதிப்புடன் இடம்பெறுகின்றன.

முன்னதைப் பற்றித்தான் நாம் வாய் திறப்பதில்லை. கலீஃபா மஃமூன் காலத்தில் (813–833) பக்தாதில் செழித்த மொழிபெயர்ப்புப் பணியைப் பெருமையுடன் மேடைகளில் பேசுகிறோம். ஜாலீனூஸின் மருத்துவ நூல்களைப் பெருமளவில் மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (இறப்பு 873) நெஸ்தோரியக் கிறிஸ்தவர் என்பதையும், கணித நூல்களைப் பெயர்த்த தாபித் இப்னு குர்ரா (இறப்பு 901) ஹர்ரான் நகரத்துச் சாபியர் என்பதையும் அப்பேச்சுகளில் கேட்பது அரிது. புரவலர்களைக் கொண்டாடுகையில் உழைத்தவர்களின் பெயரை விடுவது நேர்மையன்று.

இதைவிட முக்கியமானது, எவை மொழிபெயர்க்கப்படவில்லை என்பது. மருத்துவம், வானியல், கணிதம், தத்துவம் ஆகியவை வந்தன. ஹெரடோட்டஸ் வரவில்லை, துசிடிடீஸ் வரவில்லை, கிரேக்க நாடகங்கள் வரவில்லை. இதன் விளைவு சுவையானது. அரிஸ்டாட்டிலின் கவிதையியலை அரபியாக்கிய அபூ பிஷ்ர் மத்தா (இறப்பு 940), நாடக அரங்கையே காணாதவராதலால், துன்பியல் நாடகத்திற்கு 'மதீஹ்' என்றும் இன்பியல் நாடகத்திற்கு 'ஹிஜா' என்றும் எழுதினார். புகழ்ப்பா, வசைப்பா என்று பொருள்! மாமேதை இப்னு ருஷ்தும் (1126–1198) அதே வழியில் உரை எழுத நேர்ந்தது. ஏதென்ஸை அறியாமல் அரிஸ்டாட்டிலை மட்டும் அறிந்தால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

விதிவிலக்கு ஒன்று உண்டு. 5ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒரோசியஸ் இலத்தீனில் எழுதிய உலக வரலாறு அந்தலுஸில் அரபியாக்கப்பட்டது. உரோமர் வரலாற்றை எழுதும்போது இப்னு கல்தூன் (1332–1406) அதனைப் பயன்படுத்திக்கொண்டார். அந்த ஒரு சாளரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சரி, இவ்வரலாறு நமக்கு அந்நியமா? ஆசியாக் கரையில் கிரேக்கர் வாழ்ந்த 'அயோனியா' எனும் நாட்டின் பெயரே அரபியில் 'யூனான்' ஆயிற்று. வடமொழியிலும் தமிழிலும் 'யவனர்' ஆயிற்று. பாலி மொழியில் 'யோனக' ஆயிற்று. இடைக்கால உரையாசிரியர்கள் யவனர் என்பதற்குச் 'சோனகர்' என்று பொருள் எழுதினர். மேற்கடலிலிருந்து கலமேறி வந்தவர் கிரேக்கராயினும் அரபியராயினும் தமிழருக்கு ஒரே பெயரினரே. இலங்கை முஸ்லிம்கள் இன்றளவும் சோனகர் என்றே பதிவு பெறுகின்றனர். கிரேக்கரின் பெயரைச் சுமந்துகொண்டு கிரேக்க வரலாறு நமக்கெதற்கு என்று கேட்பது விந்தை.

கெல்ட்டியரைப் பற்றித் தமிழில் நூல்கள் மிக அரிது. அவர்களுடைய சமயகுருமார் தம் போதனைகளை எழுத்தில் வைக்க மறுத்தனர் என்று ஜூலியஸ் சீசர் எழுதுகிறார். ஆகவே பகைவரின் எழுத்திலிருந்துதான் அவர்களைப் பெரிதும் அறிய வேண்டியுள்ளது. அவர்களுள் ஒரு கூட்டத்தார் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அனத்தோலியாவில் குடியேறினர். பைபிளில் கலாத்தியர் என்று வருவது அவர்கள் பெயரே. கலாத்தியாவின் தலைநகரம்தான் இன்றைய அங்காரா. அங்கே அகஸ்டஸ் பேரரசனின் கோயிற்சுவரில் அவனது சாதனைகள் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய மன்னர்களின் தூதுவர் தன்னிடம் பலமுறை வந்ததாக அவன் அதில் கூறுகிறான். அவ்வாறு தூதனுப்பிய மன்னன் பாண்டியனாக இருக்கலாம் என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். 15ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹாஜி பைராம் பள்ளிவாசல் அக்கோயிற்சுவரை ஒட்டியே நிற்கிறது. ஒன்றை இடித்து மற்றொன்றைக் கட்டவில்லை. கெல்ட்டியர் நாட்டில், உரோமன் சுவரில், இரு மொழியில், பாண்டிநாட்டின் நிழல், பக்கத்தில் பாங்கொலி. இதை ஒரு தமிழ்நூலில் படிக்க நமக்கு ஐம்பது வயது கடந்தும் வாய்க்கவில்லை.

சென்ற ஆண்டு ஈஸாகூஜிப் பாடத்தின் முதல் நாளில், இராஜபாளையத்து மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், இந்தப் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்டார். நாம் ஓதிய நாளில் கேட்கத் துணியாத கேள்வி அது. அன்று மன்திக் நடக்கவில்லை. கரும்பலகையில் மத்தியதரைக் கடலை வரைந்தோம். தீர், ஏதென்ஸ், அலெக்சாந்திரியா, பக்தாத் ஆகியவற்றைக் குறித்தோம். மறுவாரம் அம்மாணவர் சர்மாவின் நூலோடு வந்தார்.