சிங்கப்பூர்ச் சுவர்க்கலை

சிங்கப்பூரில் பொதுச் சுவரில் அனுமதியின்றி எழுதுவதும் வரைவதும் 1966ஆம் ஆண்டு நாசவேலைச் சட்டப்படி குற்றம். அன்று அரசின் கண்ணை உறுத்தியவை வண்ணக் கிறுக்கல்கள் அல்ல, எதிர்த்தரப்பான பாரிசான் சோசியலிஸ் கட்சியினரின் அரசியல் முழக்கங்கள். தண்டனை 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, கூடவே மூன்று முதல் எட்டுப் பிரம்படி. தேர்தல் வந்தால் மதில்களை முன்கூட்டியே 'ரிசர்வ்' செய்துவிடும் தமிழ்நாட்டுக் கட்சிக்காரர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

உலகம் இச்சட்டத்தைக் கவனித்தது 1994இல். கார்களில் சாயம் தெளித்த அமெரிக்க இளைஞர் மைக்கேல் ஃபேக்கு விதித்த ஆறு பிரம்படி, அதிபர் கிளின்டன் கேட்டுக்கொண்ட பிறகு நான்காகக் குறைந்தது. 2010இல் சாங்கி பணிமனையில் புகுந்து எம்ஆர்டி ரயிலில் வரைந்த சுவிட்சர்லாந்துக்காரர் ஆலிவர் ஃபிரிக்கருக்கும் சிறையும் பிரம்படியும் கிடைத்தன. இவ்வழக்குகளில் யாரும் கலையைத் தேடவில்லை.

தேட வைத்தவர் 'எஸ்கேஎல்ஓ' என்ற பெயரில் இயங்கிய சமந்தா லோ. 2012இல் அவர் அச்சுத்தகடு வைத்துச் சாலைகளில் 'மை கிராண்ட்ஃபாதர் ரோடு' என்று தெளித்தார். 'இதென்ன உங்கப்பன் வீட்டு ரோடா?' என்று நம்மவர் அதட்டும் அதே தொனி கொண்ட, சிங்லிஷ் எனப்படும் சிங்கப்பூர் ஆங்கிலப் பேச்சு அது. சாலை கடக்கும் இடத்துப் பொத்தான்கள்மேல் குறும்பான ஒட்டிகளும் ஒட்டினார். போலீஸ் பிடித்ததும் நாசவேலையா, கலையா என்று ஊரே வாதிட்டது. ஆதரவு மனுவில் கையெழுத்துகள் குவிந்தன. வழக்கு நாசவேலைச் சட்டத்தின்கீழ் போகாமல், பொருளுக்குச் சேதம் விளைவித்த குற்றமாக முடிந்தது. 2013இல் கிடைத்த தண்டனை 240 மணிநேரச் சமூக சேவை. சாலை யாருக்குச் சொந்தம் என்று சாலையிலேயே எழுதிக் கேட்ட அந்த மூன்று சொற்களைவிடக் கூர்மையான சுவர்க்கலை சிங்கப்பூரில் வந்ததாகத் தோன்றவில்லை.

அதே 2013இல் 'ஸீரோ' என அறியப்படும் கிராஃபிட்டி ஓவியர் சுல்கர்னைன் ஒத்மானுக்குத் தேசியக் கலைகள் மன்றம் இளம் கலைஞர் விருது அளித்தது. ஸ்பிரே டின்மீது அரசுக்குப் பகை இல்லை. கேட்காமல் அடிப்பதுதான் ஆகாது.

கேட்டு வரைந்த சுவர்களைப் பார்க்க, லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவுக்குப் போகலாம். லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் 2015இல் தொடங்கிய 'ஆர்ட்வாக் லிட்டில் இந்தியா' அங்குள்ள சந்துகளில் பல ஓவியங்களை விட்டுச் சென்றிருக்கிறது. பெலிலியோஸ் லேனில் சைஃபூல் வரைந்த சுவரில் பூக்கட்டுபவர், கிளி ஜோசியர், சலவைத் தொழிலாளி, கச்சாங் பூத்தே எனும் கடலை விற்பவர் எனப் பழைய தொழில்கள் நிற்கின்றன. இங்கே நடந்துவந்த குதிரைப் பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் எஞ்சிய பெயருக்கு ஜாக்ஸ்டன் சூ ஓவியமாக உருவம் கொடுத்தார். நினைவைக் காக்கும் வேலையை இவை அழகாகச் செய்கின்றன. வம்புக்கு மட்டும் போவதில்லை.

அனுமதி பெறாவிட்டால் சொந்தக் கட்டடத்துச் சுவரும் சிக்கலாகலாம். சைனாடவுன் சவுத் பிரிட்ஜ் ரோட்டில், கையில் சிகரெட்டோடு அமர்ந்திருக்கும் சம்சுய் பெண்ணை அமெரிக்க ஓவியர் ஷான் டன்ஸ்டன் வரைந்தார். கட்டுமான வேலை செய்து பிழைத்த சீனப் பெண்கள் சம்சுய் பெண்கள். 2024இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் சிகரெட்டை அழிக்கச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஓவியம் மாறாமல் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. முன் அனுமதி வாங்காததற்காகக் கட்டட உரிமையாளருக்கு அபராதம் விதிக்கப்பட்டது.