கூர்ட்டா: கைக்கடக்கமான கணக்கு இயந்திரம்

கூர்ட்டா, மின்னணுக் கால்குலேட்டர்களுக்கு முந்தைய கையடக்கக் கணக்கு இயந்திரம். லீக்டன்ஸ்டைன் நாட்டின் கான்டினா நிறுவனம் தயாரித்தது. மின்சாரம் வேண்டாம், உச்சியிலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் நடக்கும். தோற்றத்தைப் பார்த்துப் பலர் இதை மிளகு அரைக்கும் குடுவை என்றே அழைத்தனர்.

கணக்கைப் பற்சக்கரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி பழையது. வரி அதிகாரியான தந்தைக்கு உதவ, 1642இல் பிளேஸ் பாஸ்கல் கூட்டல் பெட்டி ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார். பெருக்கலுக்காக லைப்னிட்ஸ், வெவ்வேறு நீளத்தில் ஒன்பது பற்கள் கொண்ட உருளையைக் கண்டுபிடித்தார். அதைக் கொண்டே தோமா த கோல்மார் 1820இல் தம் 'அரித்மோமீட்டர்' இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனி உருளை தேவைப்பட்டதால், இவ்வகை இயந்திரங்கள் மேசையை விட்டு நகரவில்லை.

வியன்னாவில் கணக்கு இயந்திரத் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தில் பிறந்த கூர்ட் ஹெர்ஸ்டார்க் (1902–1988) இதற்கு வழி கண்டார். ஒரே உருளையை நடுவில் நிறுத்தி, எல்லா இலக்கங்களையும் அதைச் சுற்றி அமைத்தார். கழித்தலுக்கும் அதே உருளைதான்: கைப்பிடியைச் சற்று மேலே இழுத்துச் சுழற்றினால் வேறு பல்வரிசை இயங்கி, எண்ணுக்குப் பதில் அதன் நிரப்பெண்ணை, அதாவது கூட்டினாலே கழித்த விடை தரும் எண்ணைக் கூட்டும். பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவதே: 25ஆல் பெருக்க ஐந்து சுற்று. மேல்பகுதியை ஓரிடம் நகர்த்தி மேலும் இரண்டு சுற்று.

தந்தை யூதர் என்பதால் ஹெர்ஸ்டார்க்குக்கு நாஜி ஆட்சியில் ஆபத்து இருந்தது. 1943இல் கைதாகி புகென்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய கணக்கு இயந்திரத் திட்டத்தை அறிந்த முகாம் நிர்வாகம், போர் வெற்றிக்குப் பின் இட்லருக்குப் பரிசளிக்கலாம் என்று வரைபடம் போட அனுமதித்தது. நினைவிலிருந்தே வரைந்தார். 1945 ஏப்ரலில் முகாம் விடுவிக்கப்பட்டபோது வரைபடங்கள் ஏறத்தாழ முடிந்திருந்தன.

போருக்குப் பின் லீக்டன்ஸ்டைன் இளவரசரின் ஆதரவில் உற்பத்தி தொடங்கியது. முதல் வகை 11 இலக்க விடை காட்டியது; 1954இல் வந்த இரண்டாம் வகை 15 இலக்கம். இரண்டும் சேர்த்துச் சுமார் 1,40,000 இயந்திரங்கள் உருவாயின. கார் ராலிகளில் வழிகாட்டிகள் சராசரி வேகத்தைக் கணக்கிட இதை விரும்பினர். ஓடும் வண்டியில், கண்ணைச் சாலையில் வைத்தபடியே, சுற்றுகளை விரலால் எண்ணிவிடலாம். 1970களின் தொடக்கத்தில் மலிவான மின்னணுக் கால்குலேட்டர்கள் சந்தைக்கு வரவே, கூர்ட்டாவின் விற்பனை முடிவுக்கு வந்தது.