புகைப்பழக்கத்தை விடுதல்: செங்கல்பட்டுக் கடற்கரை

செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஆலம்பரைக் கோட்டையை ஒட்டி அமைந்த ஊர் கடப்பாக்கம். இதைச் சுற்றியுள்ள குப்பங்களில், தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே, புகைப்பவர்கள் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். பெண்களிடம் புகையிலை சேர்வது பெரும்பாலும் வெற்றிலையோடுதான்.

‘மனசு வெச்சா விட்டுடலாம்’ என்பது ஊரெங்கும் கேட்கும் பேச்சு. மனம் வைத்தவர்கள் குறைவில்லை. 2016–17இல் நாடு முழுவதும் நடந்த வயதுவந்தோர் புகையிலை ஆய்வில், புகைப்போரில் 55.4 விழுக்காட்டினர் விடும் எண்ணத்தில் இருந்தனர். முந்தைய 12 மாதங்களில் முயன்றே பார்த்தவர்கள் 38.5 விழுக்காடு. எந்த உதவியும் இன்றி விடுவோரில் ஆறு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் என்று உலகளாவிய ஆய்வுகள் காட்டுகின்றன. தோற்றவரைக் கோழை என்பது அநியாயம்.

காலையில் கண் விழித்த அரை மணிக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவர் நிக்கோட்டினுக்கு ஆழமாக அடிமைப்பட்டவர். அதோடு, பீடி எளிதில் அணைந்துவிடும். அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். விட்ட முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் எல்லாம் உச்சத்தில் இருக்கும். கரையில் உட்கார்ந்து வலை சீர்செய்யும்போது பக்கத்திலிருப்பவர் நீட்டும் பீடியை மறுப்பது அந்த வாரத்தில்தான் மிகக் கடினம். கூடவே இருப்பவர்களும் விட்டால் பாதி வேலை முடிந்தது.

புகைப்பதைக் குறைக்க வைக்கும் விலையின் வலிமைக்குத் தென்கொரியா நல்ல சான்று. 2015 ஜனவரியில் அங்கே ஒரு பாக்கெட் சிகரெட் 2,500 வோனிலிருந்து 4,500 வோனுக்கு உயர்ந்தது. ஆண்களிடையே புகைப்பழக்கம் அவ்வாண்டு குறைந்தது. அரசு சுகாதார நிலையங்களில் விடுவிப்பு ஆலோசனை முன்பே இருந்ததால், விட நினைத்தவருக்குப் போக ஓர் இடமும் இருந்தது. இந்தியாவில் 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது சிகரெட்டின் மேல் கூடுதல் தீர்வை விழுந்தது; பீடி அதிலிருந்து தப்பியது. ஏழையின் நுரையீரலுக்கு இது சலுகை ஆகாது.

மருத்துவரின் ஒரு வார்த்தைக்குக் கனம் உண்டு. ஆனால் மேலே சொன்ன 2016–17 இந்திய ஆய்வின்படி, சிகிச்சைக்குச் சென்ற புகைப்போரில் 48.8 விழுக்காட்டினருக்கே விடச் சொல்லும் அறிவுரை கிடைத்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதல் புகையிலை விடுவிப்பு மையம் உண்டு. நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் கடலுக்குப் போய்வரும் ஒருவர் அந்த மையத்துக்காகச் சென்னை வரை போவது அரிது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கே வருபவர், பீடியைப் பற்றியும் கேட்டு வழிகாட்டுவதே இக்கரைக்குப் பொருந்தும்.

அதே இந்திய ஆய்வில், பாக்கெட்டின் மேலுள்ள எச்சரிக்கையைக் கண்டு விட நினைத்ததாகச் சொன்னவர்கள் சிகரெட் புகைப்போரில் 62, பீடி புகைப்போரில் 54 விழுக்காடு. 2016இல் அந்த எச்சரிக்கை உறையின் 85 விழுக்காட்டுக்கு விரிந்தது. 2018இல் 1800-11-2356 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் அச்சேறியது. ஆனால் பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட்டாக வாங்குபவர் கையில் அந்த உறை வருவதே இல்லை.